உச்சிவெயில் ஓட்டமும் ஊறுகாய்ப் பொட்டலமும்

துவைக்கப் போட்டிருந்த அரைக்கால் சட்டையின் பையிலிருந்து அது நழுவித் துவைகல்லின்மேல் விழுந்தது. விரல் நீளப் பொட்டலம். ஒரு முனை பல்லால் கிழிக்கப்பட்டிருந்தது. உள்ளே எண்ணெயும் மிளகாய்த்தூளும் கலந்த பிசுக்கு மிச்சமிருந்தது. எழில்மொழி குழாயை மூடிவிட்டுக் குனிந்து பார்த்தாள். எலுமிச்சை ஊறுகாய்.

தயிர்ச்சோற்றுக்கு ஊறுகாய் தேவைப்படுகிறவன் புட்டியாக வாங்கி வீட்டு அலமாரியில் வைப்பான். பெட்டிக்கடையில் சரமாகத் தொங்குவதில் ஒன்றைக் கிள்ளி வாங்கி, பல்லால் கிழித்து, நின்ற இடத்திலேயே நக்குகிறவனுடைய மறு கையில் என்ன இருக்கும் என்பது இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எழில்மொழிக்கு அது மற்றவர்களைவிடக் கூடுதலாகவே தெரியும். திருமணமாகிப் பதினாறு ஆண்டுகளில் அவள் துவைத்த சட்டைப் பைகளில் கிடைத்தவற்றை ஓரிடத்தில் சேர்த்து வைத்திருந்தால் ஒரு பெட்டிக்கடையே திறந்திருக்கலாம். ஆனால் அவள் கணவர் குடியை விட மறுவாழ்வு இல்லத்துக்குப் போய்த் திரும்பிய பிறகு கிடைத்தது இதுதான் முதல்.

அவள் கத்தவில்லை. அவரைக் கூப்பிடவும் இல்லை. பொட்டலத்தைக் கழுவாமல் வெயிலில் உலர்த்தி, ஒரு வெள்ளை உறையில் போட்டு, மேலே தேதியும் "நீலக் கால்சட்டை, வலப் பை" என்ற குறிப்பும் எழுதினாள். மருத்துவமனைச் சீட்டுகளும் எக்ஸ்ரேயும் இருக்கும் கோப்பில் அந்த உறையைக் கடைசித் தாளாகச் சேர்த்தாள். பிறகு துணியைத் துவைத்து முடித்தாள்.

வெள்ளிக்கிழமைக்குள் அவள் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டு வாசலில் நிற்கும் குட்டியானைச் சரக்கு வண்டியின் சாவி அவளிடம் இருந்தது. வண்டி அவள் கணவர் இளம்பரிதியினுடையது. ஆனால் மூன்று ஆண்டுகளாக அந்தச் சாவி அவர் கைக்குப் போனதில்லை. சம்பளத்துக்கு மருதையன் என்ற ஓட்டுநர் வந்து ஓட்டிக்கொண்டிருந்தான். இப்போது குடவாசல் கடைவீதியில் உரமும் விதைநெல்லும் விற்கும் ஜாபிர் பாய், சம்பாப் பருவம் முழுவதற்கும் கும்பகோணத்திலிருந்து மூட்டை ஏற்றிவரும் வேலையைத் தர முன்வந்திருந்தார்.

"ஒரே நிபந்தனைதாம்மா. ஒங்க வீட்டுக்காரரே ஓட்டணும். மருதையன் ஓட்டுனா எம் மூட்டை பாதி நனைஞ்சு வருது, கேட்டா மழையக் காட்டுறான். வெள்ளிக்கெழம தொழுகை முடிஞ்சு வர்றேன், சொல்லிடுங்க."

"அவர்கிட்டயே கேக்கலாமே பாய்?"

"அவர்கிட்டதான் மொதல்ல கேட்டேன். சாவி எங்கிட்ட இல்ல, எழில்கிட்ட கேளுங்கன்னாரு."

ஒரு சாவியைக் கொடுப்பதா வேண்டாமா என்பதற்கு ஒருத்தி இவ்வளவு யோசிப்பானேன் என்று கேட்பவர்கள் எழில்மொழியின் மகள் செம்மொழியைப் பார்த்ததில்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பெண்ணின் இடப்பக்கக் கழுத்தெலும்பு, தோலுக்கு மேல் ஒரு முடிச்சைப் போலப் புடைத்துத் தெரியும். பள்ளிச் சீருடையின் துப்பட்டாவை அவள் அந்தப் பக்கம் மட்டும் சற்று உயர்த்திப் போட்டுக்கொள்வாள்.

எழில்மொழி குத்தாலத்துப் பக்கம் பிறந்தவள். அவளுடைய பெற்றோர் பிறர் வயலில் நாற்றுப் பறித்தும் நட்டும் பிழைத்தவர்கள். பிளஸ் டூ முடித்ததும் பேருந்து நிலையத்தருகே ஒரு ஜெராக்ஸ் கடையில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். கணினியை அவளுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. கடைக்காரர் தட்டச்சு செய்யும்போது பின்னால் நின்று பார்த்தாள். அவர் சாப்பிடப் போகும் நேரத்தில் தானே தட்டிப் பார்த்தாள். தான் நகலெடுக்கும் காகிதம் எதுவானாலும் வரி விடாமல் படித்தாள். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, தாசில்தாருக்குப் போகும் மனு, ஜமாபந்தியில் கொடுக்கும் மனு என்று எல்லாம் அவளுக்கு அப்படித்தான் கைவந்தன. திருமணமாகிக் குடவாசலுக்குக் கிழக்கே உள்ள இந்த ஊருக்கு வந்தபின், கடைவீதியில் சொந்தமாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்தாள். மனு எழுதித் தரச் சொல்லி வருபவர்களிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி, "கையில என்ன காயிதம் இருக்கு?" என்பதாகும்.

அப்படிப்பட்டவள் தன் வாழ்க்கையில் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்ட காகிதம் ஒன்றே ஒன்று.

அது மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய கார்த்திகை. பள்ளி விட்டு மழையில் நின்ற மகளை அழைத்துவரப் போன இளம்பரிதி, திரும்பும்போது வண்டியை வாய்க்காலில் இறக்கிவிட்டார். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மகள் வலியில் அலறிக்கொண்டிருந்தபோது, அவருடைய சித்தப்பா மகன் ஒருவன் போலீசில் கொடுக்க எழுதிக்கொண்டுவந்த தாளை அவள் முன் நீட்டினான். அவள் கையெழுத்திட்டாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் நகலைப் படித்தாள். "எதிர்பாராத விதமாக மாடு ஒன்று குறுக்கே வந்ததால் வண்டி நிலைதடுமாறியது" என்று, அவளே சொல்வதாக அதில் எழுதியிருந்தது. அந்த மழையில் அந்தச் சாலையில் எந்த மாடும் இல்லை என்பது மகளுக்குத் தெரியும். வண்டியின் வாடையை முகர்ந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஊரில் எல்லோரும் மாட்டைப் பற்றியே பேசினார்கள். இளம்பரிதியும் மாட்டைப் பற்றியே பேசினார். நாளடைவில் அதன் நிறம்கூடச் சொன்னார்.

அன்றிலிருந்து அவர் எந்தச் சாக்குச் சொன்னாலும் எழில்மொழி கேட்பது ஒன்றுதான்: "இது எந்த மாடு?"

அதற்கு முன்பும் பின்பும் அவர் செய்த சத்தியங்களுக்குக் குறைவில்லை. கற்பூரத்தை அணைத்தார். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டார். "தண்ணி பாத்துட்டு வந்துடுறேன்" என்று மண்வெட்டியோடு வயலுக்குக் கிளம்பி, மண்வெட்டியில்லாமல் திரும்பினார். டெல்டாக்காரனுக்குத் தண்ணீர் பார்க்கப் போவதைவிட நல்ல சாக்கு கிடையாது. எந்த மனைவியும் அதைத் தடுக்க முடியாது. கடைசியில் சென்ற மாசி மாதம், யாரும் இழுத்துப் போகாமல் அவராகவே தஞ்சாவூருக்கு அருகில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் போய்ச் சேர்ந்தார். மருந்து, ஆலோசனை, வாரம் ஒருமுறை கூட்டம் என்று அங்கே ஒழுங்கு இருந்தது. உடற்பயிற்சிக்கு ரெத்தினம் என்ற பழைய கபடி ஆட்டக்காரர் பொறுப்பாளராக இருந்தார். படுக்கையில் கிடந்து விட்டத்தைப் பார்ப்பவனுக்குப் பழைய நினைப்புதான் வரும் என்று சொல்லி, எல்லோரையும் மைதானத்தைச் சுற்ற விடுவாராம். முதலில் நடை, பிறகு ஓட்டம். ஓட்டம் மருந்துக்கு மாற்று அல்ல, மருந்தோடு சேர்ந்து நிற்கும் துணை என்று அங்கிருந்த மருத்துவர் எழில்மொழியிடமே சொன்னார். ஓடிக் களைத்தவன் தூங்குகிறான், தூங்கி எழுந்தவன் சாப்பிடுகிறான், அந்த அளவுக்குக் குடி அவனிடமிருந்து தள்ளி நிற்கிறது என்றார். அவள் தலையாட்டினாள். நம்பவில்லை. எழுதி மட்டும் வைத்துக்கொண்டாள்.

இளம்பரிதி துணிப்பையும் ஒரு ஜோடி ஓட்டக் காலணியுமாக ஊர் திரும்பினார். விடியலில் வாய்க்கால் கரையில் ஓடத் தொடங்கினார். நாற்பத்திரண்டு வயது ஆள் அரைக்கால் சட்டையோடு ஓடுவது ஊருக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது.

"என்ன இளம்பரிதி, மறுபடியும் வண்டிய வாய்க்கால்ல எறக்கிட்டியா? ஓடியே போறே?" என்று தேநீர்க் கடையிலிருந்து ஒருவர் கேட்பார்.

"மாட்ட ஓட்டிக்கிட்டுப் போறான்யா, விடு" என்பார் இன்னொருவர்.

அவர் சிரித்துக்கொண்டே தாண்டிப் போவார். எழில்மொழி அந்தச் சிரிப்பையும் சந்தேகப்பட்டாள். பழைய இளம்பரிதி இந்நேரம் செருப்பைக் கழற்றியிருப்பார்.

ஆனாலும் விடியல் ஓட்டத்தில் அவளால் குற்றம் காண முடியவில்லை. திரும்பி வந்ததும் வாயை ஊதிக் காட்டச் சொல்வாள். ஊதுவார். நேராக நடக்கச் சொல்வாள். நடப்பார். அவருடைய கண்ணின் மஞ்சள் வெளுத்தது. கை நடுக்கம் நின்று, தேநீர்க் குவளையைத் தட்டில் சத்தமில்லாமல் வைக்கத் தொடங்கினார். இந்த மாற்றங்களையும் அவள் குறித்துக்கொண்டாள். தனக்குச் சாதகமானதை மட்டும் எழுதிவைப்பது அவள் வழக்கம் இல்லை.

சிக்கல் ஆடியில் தொடங்கியது. திடீரென்று அவர் விடியல் ஓட்டத்தை நிறுத்திவிட்டு உச்சிவெயிலில் ஓடப் போனார். ரைஸ்மில்லில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதுவதற்குச் சற்று முன்னால் காலணியை மாட்டிக்கொள்வார். நாய்கூட நிழலை விட்டு வெளியே வராத நேரம் அது. ஏன் என்று கேட்டாள்.

"காலைல வயல்ல வேல கெடக்கு, எழில்."

அவள் வயலுக்குப் போய்ப் பார்த்தாள். வாய்க்காலில் முறைவைத்து விடும் முறைத்தண்ணீர் அவர்கள் பக்கம் இன்னும் வரவில்லை. புழுதி உழவோடு வயல் சும்மா கிடந்தது. காலையில் அங்கே செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். அரசு மதுக்கடையின் கதவு திறப்பது மதியம் பன்னிரண்டு மணிக்கு.

இந்த நிலையில்தான் பொட்டலம் கிடைத்தது. இரண்டு நாள் கழித்து இன்னொன்று கிடைத்தது. அதற்கும் ஓர் உறை போட்டாள்.

புதன்கிழமை மருதையன் கடைக்கு வந்தான். வாடகை விவரம் சொல்ல வருபவன் வழக்கமாக வாசலில் நின்று பேசிவிட்டுப் போவான். அன்று உள்ளே வந்து, நகல் எந்திரத்தின் ஓரமாக நின்றான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். சொன்னா, கோள் மூட்டுறான்னு நெனப்பீங்க."

"நெனப்பேன். சொல்லு."

"நேத்து மத்தியானம் லோடு எறக்கிட்டு எல்லப் பாலத்து வழியா வந்தேன். அண்ணன் கட்டச் செவுத்துல கால நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. மூஞ்சி செவசெவன்னு இருந்துச்சு. கையில ஊறுகா. பக்கத்துல பாட்டிலு."

"என்ன பாட்டில்?"

"பாட்டிலுன்னா பாட்டிலுதான்க்கா. போற வண்டிய நிறுத்தி மோந்தா பாக்க முடியும்?"

"எந்திரிச்சு நடந்தாரா?"

"நடந்தாரு. ஒரு கால இழுத்துக்கிட்டு, தள்ளாடித் தள்ளாடி. எனக்கே மனசு கஷ்டமாப் போச்சு."

மருதையன் போனபின் எழில்மொழி நெடுநேரம் எந்திரத்தின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். ஒரு சாட்சி வந்தால், அவனுக்கு இந்த வழக்கில் என்ன லாபம் என்று முதலில் கேட்பது அவள் வழக்கம். சாவி கைமாறினால் மருதையனுக்கு வேலை போகும். ஆகவே அவன் பொய் சொல்லலாம். ஆனால் ஊறுகாயைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவளுடைய கோப்பில் இருக்கும் ஒன்றை அவன் தன் வாயால் சொன்னான். ஆகவே முழுப் பொய்யாகவும் இருக்க முடியாது.

அன்று மாலை மகளிடம் வேறு பேச்சுக்கு நடுவே கேட்டாள்.

"அப்பா மதியம் வீட்டுக்கு வர்றப்ப எப்படி இருக்காரு?"

செம்மொழி கணக்குப் புத்தகத்திலிருந்து நிமிரவில்லை. "எனக்கெப்படித் தெரியும்? நான் ஸ்கூல்ல இருப்பேன். சாயங்காலம் கிட்ட வந்தா ஊறுகா வாடை அடிக்குது."

"வேற வாடை?"

"வேற வாடை அடிச்சா ஒனக்கு முன்னாடி எனக்குத் தெரியும்மா." அவள் கை தன்னையறியாமல் கழுத்தெலும்புக்குப் போய்வந்தது. "சாவி குடுக்கப் போறியா?"

"தெரியல."

"குடுத்தா நான் அந்த வண்டில ஏற மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

வியாழக்கிழமை பதினொன்றரைக்கே எழில்மொழி கடையை அடைத்தாள். ஸ்கூட்டியில் எல்லைப் பாலத்துக்குப் போய், பக்கத்திலிருந்த நெல் கொள்முதல் நிலையத்தின் கொட்டகைக்குப் பின்னால் வண்டியை மறைத்து நிறுத்தினாள். அறுவடைக் காலத்தில் மூட்டையும் சண்டையுமாக இருக்கும் அந்தக் களம், இப்போது சிமெண்டுத் தரை கொதிக்க வெறிச்சோடிக் கிடந்தது. சுருட்டி வைத்திருந்த தார்ப்பாய்களின் இடுக்கில் நின்றால் பாலமும், பாலத்தோரத்து ஐயாவுவின் பெட்டிக்கடையும், ஊரிலிருந்து வரும் சாலையும் தெரிந்தன. பாலத்தடியின் பெயர் அவ்வளவு நல்லதல்ல. மாலையில் அங்கே இறங்குகிறவர்கள் குளிக்க இறங்குவதில்லை.

சங்கு ஊதியது.

அவள் எதிர்பார்த்தது வேறு, கண்டது வேறு. சங்குச் சத்தம் அடங்குவதற்குள் சாலையில் இருசக்கர வண்டிகள் ஒவ்வொன்றாகத் தோன்றி, எல்லாம் மேற்கே பார்த்துப் போயின. கும்பகோணம் சாலையில்தான் மதுக்கடை. வயலிலிருந்து ஏறி வந்தவர்கள், கட்டட வேலையிலிருந்து நழுவியவர்கள், பின்னிருக்கையில் ஒருவரை ஏற்றிக்கொண்டவர்கள் என்று முகம் தெரிந்த பலர் அதில் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் எதிரே, சாலையின் வலது ஓரத்தில், ஒரே ஓர் ஆள் மட்டும் கிழக்கே பார்த்து ஓடிவந்துகொண்டிருந்தார். வண்டியில் போன ஒருவன் அவரைப் பார்த்துக் கையைத் தூக்கி ஏதோ கூவினான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, பின்னால் யாரோ துரத்துவதுபோல ஓடினார்.

பாலத்தை நெருங்கியபோது அவருடைய வலக் கால் மடங்கியது. கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்து கட்டைச் சுவரில் சாய்ந்தார். இடுப்பில் செருகியிருந்த பாட்டிலைச் சுவரின்மேல் வைத்தார். வாய் கோணியது. வலி என்று தெரியாத ஒருவருக்கு அது போதையாகத்தான் தோன்றும். ஐயாவு கடையை விட்டு இறங்காமலே சரத்திலிருந்து ஒரு பொட்டலத்தைக் கிள்ளி வீசினார்.

"இந்தா, ஒன் மருந்து."

இளம்பரிதி அதைப் பல்லால் கிழித்தார். அந்த நேரத்தில் எழில்மொழி தார்ப்பாய் மறைவிலிருந்து வெளியே வந்தாள்.

அவர் பொட்டலத்தை மறைக்க முயன்றார். மறைத்தது பழைய கை. பிறகு அதே கை, மறைத்ததை மெல்ல வெளியே எடுத்தது.

"பாட்டிலக் குடுங்க."

கொடுத்தார். அவள் மூடியைத் திறந்து முகர்ந்தாள். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் தொட்டுப் பார்த்தாள்.

"தண்ணிதாம்மா" என்றார் ஐயாவு கடைக்குள்ளிருந்து. "நெசத் தண்ணி."

"ஒங்களக் கேட்டனா நான்?"

"கேக்கல. ஒரு வேள கேப்பியோன்னு சொன்னேன்."

எழில்மொழி கணவர் பக்கம் திரும்பினாள். "ஊறுகா எதுக்கு?"

"கால் இழுத்துப் புடிச்சுக்குது. இந்த வெயில்ல ஒடம்புல உள்ள உப்பெல்லாம் வேர்த்துப் போயிடுது. கபடி ஆடுறவங்க எலுமிச்சங்கா ஊறுகாதான் நக்குவாங்கன்னு ரெத்தினம் சார் சொல்லுவாரு. மொதல்ல வீட்டு உப்பத்தான் மடிச்சு வச்சுக்கிட்டேன். வேர்வைல கரைஞ்சு போச்சு."

"ஏங்கிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? பையில ஊறுகா கெடக்கு, ஆனா நான் குடிக்கலன்னா? நானே நம்ப மாட்டேன்."

"சரி. அது கால். வெயில்ல எதுக்கு ஓடணும்? வயல்ல வேலையே இல்ல. நான் போய்ப் பாத்துட்டேன். சொல்லுங்க, இது எந்த மாடு?"

அவர் கெண்டைக்காலை நீவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"மாடு இல்ல" என்றார். "அன்னைக்கும் மாடு இல்ல, எழில்."

மூன்று ஆண்டுகளில் அந்த வாக்கியத்தை அவர் ஒருமுறையும் சொன்னதில்லை. ஐயாவு எதற்கோ கடையின் பின்பக்கம் போய்விட்டார்.

"ஆடில மாத்திரையக் கொறச்சாங்க" என்று இளம்பரிதியே தொடர்ந்தார். "கொறச்சதுலேருந்து இந்தச் சங்கு ஊதுனா வாய் ஊறுது. காலைல ஒண்ணும் இல்ல. ராத்திரி ஒண்ணும் இல்ல. இந்த நேரத்துக்குத்தான் வருது. முறைத்தண்ணி மாதிரி. வர்றப்ப மடையத் தொறந்து வச்சா வயலே முழுகிடும். கொஞ்ச நேரம் அடச்சுக்கிட்டு நின்னா, அது பாட்டுக்கு அடுத்த வயலுக்குப் போயிடும். வீட்டுல உக்காந்து அடைக்க முடியல. ஓடுனா முடியுது. கடை மேக்க இருக்கு, அதான் கெழக்க ஓடுறேன்."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். ஓடு, ஆனா தண்ணி குடிச்சுக்கிட்டு ஓடு, தல சுத்துனா நிறுத்திடுன்னாரு. அடுத்த மாசம் மறுபடி பாத்து, மாத்திரையக் கூட்டணுமான்னு சொல்றேன்னாரு."

"டாக்டருக்குப் போன் போட்டுக் கேப்பேன்."

"கேளு. நம்பரு ஓங் கோப்புலதான இருக்கு."

"அவர்கிட்ட சொல்லத் தெரிஞ்சுது. எங்கிட்ட?"

"ஒங்கிட்ட சொன்னா சாவி வராது."

இந்தப் பதிலில் தந்திரம் ஏதும் இருக்கிறதா என்று அவள் தேடினாள். இத்தனை நாளும் அவர் சொன்ன பொய்கள் எல்லாம் அவருக்கு ஏதாவது ஒன்றைப் பெற்றுத் தந்தன. இது அவருக்கு எதையும் பெற்றுத் தரவில்லை. கிடைக்கக்கூடிய சாவியையும் இழக்கும்படியான பதில் இது. குடிக்கும் ஆசை இன்னும் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டவரிடம் யார் வண்டியைக் கொடுப்பார்கள்? அவள் சந்தேகப்பட்டது பாதி சரி. குடியின் ஆசை அவரிடம் இன்னும் இருக்கிறது. அது பாட்டிலில் இருக்கிறது என்று நினைத்ததில்தான் அவள் தவறிவிட்டாள்.

கைப்பையைத் திறந்து சாவியை எடுத்தாள். கொடுப்பதற்கா, பார்ப்பதற்கா என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் கையை நீட்டவில்லை.

"வேணாம். முழுசாக் குடுக்காத" என்றார். "கும்பகோணம் போற ரோட்டுலதான் கடையே இருக்கு. காலைல பாதிப் பொழுது நான் ஓட்டுறேன். சங்கு ஊதுறதுக்கு முன்னாடி சாவி ஒங் கைக்கு வந்துடணும். வரலன்னா ஊரக் கூட்டு. மத்தியானத்துக்கு மருதையன் ஓட்டட்டும்."

"இத எப்ப யோசிச்சீங்க?"

"ஓடுறப்ப யோசிக்கிறதுக்கு வேற என்ன இருக்கு?"

பதினாறு ஆண்டுகளாக அந்த வீட்டில் அவரைச் சந்தேகப்படும் வேலையை அவள் ஒருத்தியே செய்துவந்தாள். வாடை பிடிப்பது, பையைத் துழாவுவது, நேரம் பார்ப்பது எல்லாம் அவள் பாடு. இப்போது அந்த வேலையில் அவரும் வந்து சேர்ந்துகொண்டதுபோல அவளுக்குத் தோன்றியது. மகிழ்ச்சி என்று அதைச் சொல்ல முடியாது. தோளில் இருந்த மூட்டையின் மறுமுனையை யாரோ தூக்கியதுபோல இருந்தது. அவ்வளவுதான்.

"ஏறுங்க" என்றாள், ஸ்கூட்டியை நகர்த்திக்கொண்டு. "நொண்டிக்கிட்டு நடந்தா ஊர் இன்னொரு மாட்டக் கண்டுபிடிச்சுடும்."

வீட்டுக்கு வந்ததும் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சரிபார்த்தாள். அவர் சொன்னவை பொருந்தின.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து தொப்பியைக் கூடக் கழற்றாமல் ஜாபிர் பாய் வந்தார். ஏற்பாட்டைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"பாதி நாள் அவரு, பாதி நாள் இவனா? இது என்னம்மா கணக்கு?"

"எங்க வீட்டுக் கணக்கு பாய். ஒங்க மூட்டையெல்லாம் காலைலயே வந்துடும். நனையாது."

"நனையலன்னா சரி. யாரு கணக்கா இருந்தா எனக்கென்ன?"

மருதையனிடம் சொன்னபோது அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேலை முழுவதும் போய்விடும் என்று எண்ணி வந்தவன்.

"கோள் சொன்னதுக்கு அர நாள் வேலயாக்கா?"

"அர உண்ம சொன்னதுக்கு அர நாள். தார்ப்பாய் போடாம ஒரு மூட்ட நனைஞ்சாலும் அதுவும் கெடையாது."

மகளிடம் அன்று இரவு சாப்பாட்டின்போது இளம்பரிதியே சொன்னார். மாடு இல்லை என்பதையும் அவரே சொன்னார். செம்மொழி சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியும்" என்றாள். வண்டியில் ஏறுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

எழில்மொழி கோப்பை எடுத்தாள். மாட்டைப் பற்றிய அந்த நகலின் ஓரத்தில், "இது உண்மையல்ல; அவரே சொன்னது" என்று எழுதித் தேதியிட்டாள். ஊறுகாய் உறைகளை அவள் தூக்கி எறியவில்லை. நாளைக்கு என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்? இரண்டு உறைகளின் மேலும் "கெண்டைக்கால் வலி" என்று மட்டும் சேர்த்து எழுதினாள்.

சனிக்கிழமை இளம்பரிதி முதல் லோடு ஏற்றி வந்து, சங்குக்கு முன்பாகவே சாவியை அவளுடைய மேசையில் வைத்துவிட்டுக் காலணி மாட்டிக்கொள்ளப் போனார். அவள் எழுந்து பேருந்து நிலையத்து ஓரத்திலிருந்த பெட்டிக்கடைக்கு நடந்தாள். எல்லைப் பாலத்தில் ஐயாவுவிடம் அவர் நாள்தோறும் நிற்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. பார்ப்பவர்கள் வாய் சும்மா இருக்காது.

"எலுமிச்சங்கா ஊறுகா ஒரு சரம் குடுங்க. முழுசா."

கடைக்காரர் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் யாராவது ஆண் நிற்கிறாரா என்று எட்டிப் பார்த்தார். பிறகு மறுபடியும் அவளைப் பார்த்தார். பக்கத்தில் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தவர் உரிப்பதை நிறுத்தினார்.

"ஒரு சரமா?"

"ஆமா."

சரத்தைக் கழற்றி மடித்துக் கொடுத்தவர் குரலைத் தாழ்த்தினார். "கிளாஸும் வேணுமாக்கா? தண்ணி பாக்கெட்டு?"

"வேணாம்" என்றாள் எழில்மொழி உரத்த குரலில். "ஊறுகா மட்டும்தான். பில்லு போட்டுக் குடுங்க."

"ஊறுகாய்க்குப் பில்லா?"

"ஆமா. தேதியோட."

கடைக்காரர் ஒரு பீடிக்கட்டின் தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டு, பேனாவை உதறத் தொடங்கினார்.